புதுப்பிப்பு: ஆச்சிக்கு ஃபுளூ தடுப்பூசி போட்டாயிற்று

சர்க்கரையும் இளைப்பும் உள்ள ஆச்சிக்கு ஃபுளூ தடுப்பூசி போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அம்பாசமுத்திரத்திலேயே போட்டாயிற்று. இப்படிப்பட்ட முதியோருக்குத்தான் முதலில் வேண்டும் என்றார் மருத்துவர்.

"ஊசியே காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும்" என்று ஆச்சி முரண்டு பிடித்தார். உள்ளே இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அதனால் ஃபுளூ வராது. மறுநாள் தோளில் வலி மட்டும் இருந்தது. தைலம் தடவிக்கொண்டு திண்ணையில் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டார்.

பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். ஆகவே நம் பக்கத்தில் ஐப்பசி அடைமழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே போட்டுவிடுங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் சென்ற ஆண்டு போட்டது போதாது. மருந்துப் பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும், கட்டாயம் பாருங்கள். நிமோனியா தடுப்பூசி வேறு. அதையும் மருத்துவரிடம் கேட்கப்போகிறேன்.