அபார்ட்மென்ட் மாடியில சோலார் போட்டா ஜெனரேட்டர் தேவையில்லையா?

வர்த்தூர்வாசி:
வணக்கம் மக்களே, பெங்களூர் வர்த்தூர் பக்கம் 60 வீடு இருக்கற அபார்ட்மென்ட், காமன் பில்லு (லிஃப்ட், மோட்டார், பேஸ்மென்ட் லைட்டு, எஸ்டிபிங்கற கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்) மாசாமாசம் எகிறிட்டே போகுதுன்னு 40 கிலோவாட் சோலார் போடலாம்னு மீட்டிங்ல பேச்சு வந்துச்சு. வென்டர் வந்து பில்லு ஜீரோ, ஜெனரேட்டரே வேணாம்னு அடிச்சு விட்டுட்டுப் போயிட்டாரு, அதக் கேட்டதுலருந்து எங்க பிளாக் பெரியவர் ஒருத்தரு டீசல் வாங்கறத நிறுத்துங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. மாடியில பாதி இடத்துக்கு டேங்கும் சோலார் ஹீட்டரும்தான். போட்டவங்க இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு.

மீட்டர்மாமா:
டீசல நிறுத்திடாதீங்க தம்பி. பேட்டரி இல்லாம கரண்ட் லைனோட சேர்ந்தே ஓடற ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனதுமே தானா ஆஃப் ஆயிடும், வெயில் மண்டையப் பொளந்தாலும் சரி. லைன்ல கை வெச்சிருக்கற லைன்மேனுக்கு நம்ம மாடியிலருந்து ஷாக் போகக்கூடாதுல்ல, அதுக்குத்தான் இன்வெர்ட்டர்ல அப்படி ஏற்பாடு. பெரியவர்கிட்ட பக்குவமா சொல்லுங்க, இல்லன்னா மொத கரண்ட் கட்டுக்கு லிஃப்டுக்குள்ள மாட்டப்போறது அவராத்தான் இருக்கும்.

அதவிட முக்கியம், ஜெனரேட்டர் ஓடறப்ப அதையே பெஸ்காம் (கரண்ட் கம்பெனி) கரண்ட்னு நெனச்சு சோலாரும் சேர்ந்துக்கும். அந்த நேரம் பில்டிங்ல லோடு கம்மியா இருந்தா மிச்ச கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளயே திரும்பிப் பாயும், ட்ரிப் ஆகும், கெட்டும் போகலாம். கொட்டேஷன்ல டிஜி (டீசல் ஜெனரேட்டர்) கன்ட்ரோலர்னு, லோடுக்கு ஏத்த மாதிரி சோலார குறைக்கற கருவி, தனியா ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஜெனரேட்டர் ஓடறப்ப சோலார ஆஃப் பண்ற இன்டர்லாக்காவது கேளுங்க. ரெண்டுமே இல்லன்னா அந்த வென்டர் வேணாம்.

இடக் கணக்கு: கிலோவாட்டுக்கு நெழல் விழாத 100 சதுர அடி, 40க்கு 4000. இருக்கா?

சர்ஜாபுர் அக்கா:
மாமா சொன்னது கரெக்ட். ஆனா பில்லு ஏன் ஏறுதுன்னு யாருமே கேக்கலியே? எங்க அசோசியேஷன்ல நான் பொருளாளரா இருந்தப்ப எஸ்டிபிக்குத் தனியா சப்மீட்டர் மாட்டிப் பார்த்தோம், காத்து அடிக்கற புளோயர்தான் திருடன், 5 எச்பி மோட்டார் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினா கிட்டத்தட்ட 75 யூனிட். 1 கிலோவாட் சோலார் நம்ம ஊர்ல சராசரியா 4 யூனிட் தரும், ஜூன் ஜூலை மேகமூட்டத்துல அதுவும் குறையும், அப்போ இந்த ஒரு புளோயருக்கே 18, 19 கிலோவாட் வேணும்! ஆபரேட்டர்கிட்ட பேசி டைமர் வெச்சோம், நாத்தம் வராத அளவுக்குத்தான் குறைக்க முடியும், ரொம்பக் குறைச்சா கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. பேஸ்மென்ட் டியூப்லைட்டெல்லாம் எல்இடி, ஆள் நடந்தா மட்டும் எரியற சென்சார். அதுக்கப்புறம்தான் சோலார் சைஸே முடிவு பண்ணோம், வென்டர் சொன்னதுல பாதிகூட தேவைப்படல.

மாடிப்புறா:
எங்க மாடியில புறா எச்சம்தான் பெரிய தலைவலி. பேனல போர்த் தண்ணியில கழுவாதீங்க, உப்பு வெள்ளை வெள்ளையா படிஞ்சிடுது.

வர்த்தூர்வாசி:
நன்றிக்கா, நன்றி மாமா. சப்மீட்டர் நாளைக்கே கேக்கறேன். மானியம் எவ்ளோ வரும்? அப்புறம் பேனல் வரிசைக்குத் தெக்க டேங்க் இருக்கு, பரவாயில்லையா?

மீட்டர்மாமா:
2024ல வந்த பிஎம் சூர்யகர் ஸ்கீம்ல அபார்ட்மென்ட் காமன் கனெக்ஷனுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபா. தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000னு சொல்வாங்களே, அது வேற, வென்டர் அத வெச்சு கணக்கு காட்டினா நம்பாதீங்க. இந்தியாவுல செஞ்ச செல் இருக்கற பேனல் போட்டாதான் மானியம், வெல கொஞ்சம் ஜாஸ்தி.

டேங்க் தெக்க இருந்தா இடிக்கும். டிசம்பர்ல சூரியன் தெக்க சாஞ்சு போகும், நெழல் வடக்கால நீளும், பேனலெல்லாம் சீரியல் செட் மாதிரி கோத்திருக்கறதால ஒண்ணு ரெண்டுல நெழல் விழுந்தாலும் வரிசையே அடிவாங்கும். டேங்க் உயரத்தையும் பேனலுக்கு எவ்ளோ தூரம்னும் அளந்து போடுங்க, பார்த்துச் சொல்றேன். ஓட்டெடுப்ப ஒரு மாசம் தள்ளி வெச்சா ஒண்ணும் குடி முழுகிடாது.