281 குதிரை இருந்தும் கரி ட்ராக்கில் தோற்ற கதை: உங்கள் டர்போ அனுபவத்தையும் எழுதுங்கள்

கொங்கு_விஆர்எஸ்

என் வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். 1.8 லிட்டர், 20 வால்வு. கம்பெனியிலிருந்து வரும்போது கே03 டர்போ (எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), 150 குதிரைத்திறன். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று தாண்டியதுமே இழுக்கத் தொடங்கிவிடும். 5,500-க்கு மேல் மூச்சு வாங்கும். ரீமேப் (ஈசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருள் மாற்றம்) போட்டு இரண்டு வருடம் சந்தோஷமாக ஓட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. டி3/டி4 கலவை டர்போ ஒன்றை வாங்கினேன். 57 டிரிம், 0.63 ஏ/ஆர் (இரண்டும் டர்போவின் அளவைச் சொல்லும் எண்கள்). ஏன் அது? தெரிந்தவர் ஒருவர் அதே டர்போவில் டைனோவில் (குதிரைத்திறன் அளக்கும் கருவி) 300 எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். என் ஆராய்ச்சி அவ்வளவுதான். ஃபோர்ஜ்டு ராட், 550 சிசி இன்ஜெக்டர், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், தனி ஈசியூ என்று செலவு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 1.4 பார் பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) சக்கரத்தில் 281 குதிரை. அந்த டைனோ தாள் ஒரு மாதம் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்தது.

பிறகு கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போனேன். செட்டிபாளையம் பக்கம், 2.1 கிலோமீட்டர் ட்ராக். போனவர்களுக்குத் தெரியும், அங்கே நேர்கோடு என்று ஒன்று தொடங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். என் நண்பனிடமும் இதே வண்டிதான், அதே பழைய கே03, ரீமேப் மட்டும். என்னைவிட சுமார் நூறு குதிரை குறைவு. ட்ராக்கின் ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி வித்தியாசத்தில் என்னை அடித்தான். ஏசியைக்கூட அணைக்கவில்லை என்று டீ குடிக்கும்போது சொன்னான்.

என் டர்போ முழு பூஸ்டுக்கு வருவது 4,800 சுற்றில். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஊசி 3,500-ல் இருக்கும். மிதித்தால் ஒன்றும் நடக்காது. இன்னும் ஒன்றும் நடக்காது, இதுதான் லேக். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், முன்சக்கரம் இரண்டும் பிடியை விட்டுச் சுழலும். சரி, நேர்கோட்டிலாவது பார்ப்போம் என்றால், இரண்டாம் கியரில் 6,800 வரை போய் மூன்றாம் கியருக்கு மாற்றினால் சுற்று 4,600-க்கு விழுகிறது. அதாவது ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பூஸ்டை விட்டுக் கீழே இறங்கி, திரும்ப ஏறிக்கொண்டிருந்தேன். டைனோ தாளில் இருந்த 281 உண்மைதான், ஆனால் அது 6,600 சுற்றில் மட்டும் குடியிருந்தது.

இன்னொன்று, அரை ஆக்ஸிலரேட்டரில் போகும்போது இன்டேக்கிலிருந்து புறா குனுகுவதுபோல ஒரு சத்தம் வரும். கூட வந்தவர்கள் எல்லாம் ரசித்தார்கள், நானும்தான். டர்போவின் கம்ப்ரசர் தள்ளும் காற்றை இன்ஜின் வாங்க முடியாமல் திருப்பி அனுப்புவதுதான் அந்தச் சத்தம் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பெயர் சர்ஜ். பேரிங்குக்கு அது நல்லதில்லை.

முதலில் செய்திருக்க வேண்டிய கணக்கை அப்புறம்தான் உட்கார்ந்து போட்டேன். 1.78 லிட்டர், 6,500 சுற்று, சிலிண்டர் 90 சதவீதம் நிரம்புகிறது, 1 பார் பூஸ்ட், இன்டர்கூலர் தாண்டி 50 டிகிரி. நிமிடத்துக்குச் சுமார் 11 கிலோ காற்று, பவுண்டில் 25. ஒரு பவுண்டுக்குப் பத்து குதிரை என்பது பழைய கைக்கணக்கு. ஆக இன்ஜினில் 250. அதே பூஸ்டில் 3,500 சுற்றுக்கு 13 பவுண்டு சொச்சம். இந்த இரண்டு புள்ளியையும் கம்ப்ரசர் மேப்பில் (எந்த அழுத்தத்தில் டர்போ எவ்வளவு காற்று தரும் என்ற வரைபடம்) வைத்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். என் டி3/டி4 டர்போவின் மேப்பில் 3,500-க்கான புள்ளி சர்ஜ் தொடங்கும் கோட்டுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு ட்யூன் செய்தாலும் அங்கே அது வேலை செய்யாது.

அடுத்து வாங்கியது கேரட் ஜிடி2860ஆர்எஸ், 0.64 ஏ/ஆர். வெளிநாட்டுக்காரர்கள் 'டிஸ்கோ பொட்டேட்டோ' என்று செல்லமாகக் கூப்பிடும் அதே உருளைக்கிழங்கு. 1.2 பாரில் சக்கரத்தில் 238 குதிரை, முழு பூஸ்ட் 3,500-ல். 43 குதிரை போய்விட்டது. கரியில் இப்போது அதே நண்பனைவிட ஒன்றரை வினாடி வேகம். அவன் ஏசியை அணைத்துவிட்டான்.

நீங்கள் எதை மாட்டினீர்கள், என்ன ஆனது, எழுதுங்கள். தோற்ற கதையாக இருந்தால் இன்னும் நல்லது.

1320அடி

கதை நன்றாக இருக்கிறது பாஸ். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் சின்ன டர்போவுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக என் பக்கத்தையும் எழுதுகிறேன்.

என்னுடையது 2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். கால் மைல் ட்ராக் தவிர வேறெதற்கும் இல்லை; டிரெய்லரில் போய் டிரெய்லரில் வரும். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்தவன் நான். முதலில் உங்களை மாதிரியே யோசித்து, ஸ்டாக் பிஸ்டனுக்குச் சின்ன டர்போதான் பாதுகாப்பு என்று ஒரு பழைய டிடி04-ஐ மாட்டினேன். 0.9 பார் பூஸ்ட். கீழே நன்றாக இழுத்தது. மேலே போகப் போக சூடு ஏறியது, நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வந்தது. இக்னிஷன் டைமிங்கைக் குறைத்தால் எக்ஸாஸ்ட் சூடு இன்னும் ஏறியது. ட்யூனர் பெட்ரோலைச் சந்தேகப்பட்டார், நான் ட்யூனரைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் பிஸ்டனில் ரிங் லேண்ட் (ரிங்கைத் தாங்கும் விளிம்பு) உடைந்தது.

இன்ஜினைத் திரும்பக் கட்டும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு துளை போட்டு அழுத்தம் பார்க்கும் கேஜ் வைத்தோம். இன்டேக்கில் 0.9 பார், எக்ஸாஸ்டில் 2.1 பார்! டர்பைன் (டர்போவைப் புகை சுழற்றும் பக்கம்) வழி அவ்வளவு குறுகல். எரிந்த புகை வெளியே போக முடியாமல் சிலிண்டருக்குள்ளேயே தங்கி, அடுத்த சுற்றுக் காற்றையும் சுட வைக்கிறது. பூஸ்ட் கேஜ் இதைச் சொல்லவே சொல்லாது.

இப்போது ஜிடி3071ஆர். 1.5 லிட்டருக்கு இதுவா என்று சிரிப்பார்கள். டூ-ஸ்டெப் (நின்றபடியே சுற்றைப் பிடித்து வைக்கும் அமைப்பு) வைத்து 5,500-ல் கிளம்புகிறேன், 8,000-ல் கியர் மாற்றுகிறேன், சுற்று 5,400-க்குக் கீழே விழுவதே இல்லை. 3,500-ல் என் டர்போ என்ன செய்கிறது என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். டிரெய்லரில் ஏற்றும்போது மட்டும்தான் அந்தச் சுற்றில் ஓடும்.

உங்கள் தவறு பெரிய டர்போ வாங்கியது இல்லை. அதைக் கரிக்குக் கொண்டுபோனது.

ஸ்டிக்கர்_மட்டும்

என் ஸ்விஃப்ட்டின் பின்னால் 'டர்போ' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். லேக் இல்லை, சர்ஜ் இல்லை. 40 ரூபாய்.

ரிக்_பட்டறை

தம்பிகளா, நான் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்கும் லாரிக்கும் டர்போ பார்க்கிறவன். கார் டர்போ எப்போதாவதுதான் வரும், வந்தால் கதையோடுதான் வரும்.

போன வருடம் கோவையிலிருந்து ஒரு பையன் வந்தான். பால் பேரிங் டர்போ, புத்தம் புதியது, மாட்டிய நாளிலிருந்து நீலப் புகை. விற்றவனோடு சண்டை போட்டு மாற்றி வாங்கி, அதுவும் புகை, மூன்றாவது தடவை கழற்றி என்னிடம் கொண்டுவந்தான். ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்தேன், ப்ளே இல்லை. சீலில் குறையில்லை. "ஆயில் லைனில் ரெஸ்ட்ரிக்டர் போட்டாயா?" என்றேன். "அப்படி என்றால்?" என்றான். லாரி டர்போவில் இருப்பது புஷ் மாதிரி பேரிங், அதற்கு ஆயில் தாராளமாக வேண்டும். பால் பேரிங்குக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு துளை வழியாக வருவதே போதும். பழைய லைனை அப்படியே மாட்டினால் ஆயில் நிரம்பி சீலைத் தாண்டத்தான் செய்யும். அது போதாதென்று வடிகால் பைப்பை ஒரு இடத்தில் மேலே தூக்கி வளைத்து இறக்கியிருந்தான். டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்து இறங்க வேண்டும், அதைத் தள்ள அங்கே பம்ப் கிடையாது. சாக்கடை மாதிரிதான், வாட்டம் இல்லாவிட்டால் தேங்கும். இருநூறு ரூபாய் வேலை. பையன் அதற்குள் எவ்வளவு செலவு செய்திருந்தான் என்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்னொன்று. "அண்ணே, லாரி டர்போ ஒன்று மலிவாகக் கொடுங்கள், என் பெட்ரோல் காரில் போடுகிறேன்" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். தருவதில்லை. டீசல் எக்ஸாஸ்டைவிட பெட்ரோல் எக்ஸாஸ்ட் மிகச் சூடு, மேலே போய் அழுத்தினால் 950 டிகிரியைத் தொடும். டீசலுக்கு வார்த்த ஹவுசிங் அதற்குத் தாங்காது. விரிசல் விடும், இல்லாவிட்டால் கோணும். அப்போது திட்டு எனக்குத்தான் விழும்.

கிள்ளான்_வீரா

மலேசியாவிலிருந்து அண்ணே. என்னிடம் புரோட்டான் வீரா, அதில் ஜப்பான் ஹாஃப் கட்டிலிருந்து (பாதியாக வெட்டி விற்கும் பழைய கார்) எடுத்த 4ஜி93டி இன்ஜின். இங்கே இந்த ஜோடி இட்லி சாம்பார் மாதிரி.

நான் மாட்டியது 16ஜி டர்போ. தேர்வில் குறை இல்லை, 3,600-க்கு வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மூன்று அங்குல எக்ஸாஸ்ட் போட்ட அன்று இரவு நெடுஞ்சாலையில் நான்காம் கியரில் மிதித்தேன். 0.8-க்கு வைத்த பூஸ்ட் 0.9, 1.0, 1.2 என்று தானாக ஏறிக்கொண்டே போகிறது. 1.3-ல் காலை எடுத்துவிட்டேன். உள்ளே இருக்கும் வேஸ்ட்கேட் (உபரிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) முழுதாகத் திறந்தும் அதன் துளை போதவில்லை; எக்ஸாஸ்ட் தாராளமானதும் புகை டர்பைன் வழியாகவே பாய்கிறது. துளையைக் கிரைண்டரில் அகலமாக்கி, பெரிய மூடி போட்ட பிறகுதான் அடங்கியது. டர்போ வாங்கும்போது எவ்வளவு ஊதும் என்று எல்லோரும் கேட்கிறோம். ஊதாமல் இருக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை.

கொங்கு_விஆர்எஸ்

1320, ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு டர்போவைத் திட்டியதில் பாதியை என்னைத் திட்டியிருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் அழுத்தம் நான் அளந்ததே இல்லை. இந்த வாரம் மேனிஃபோல்டில் துளை போடப் போகிறேன்.

ரிக் அண்ணே, ரெஸ்ட்ரிக்டர் போட்டிருக்கிறேன். வடிகால் வாட்டத்தை உங்கள் பதிவைப் படித்துவிட்டு டார்ச் அடித்துப் போய்ப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

ஒரு விஷயம் விட்டுப்போனது. உருளைக்கிழங்கை மாட்டியதும் ஊட்டிக்கு ஏற்றினேன். 16 டிகிரி குளிர், டர்போவுக்குச் சொர்க்கம் என்று நினைத்தேன். ஆனால் இன்டேக் வெப்பநிலை கோவையில் பார்த்ததைவிடக் குறையவே இல்லை. சென்சார் போய்விட்டது என்று நினைத்து மாற்றக்கூடச் செய்தேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தமே 0.77 பார்தான். அதே 1.2 பார் பூஸ்டைக் காட்ட கீழே டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும்; மேலே 2.6 மடங்கு அழுத்த வேண்டும். கணக்குப் போட்டால், 38 டிகிரி கோவை வெயிலிலும் 16 டிகிரி ஊட்டியிலும் கம்ப்ரசரை விட்டு வெளிவரும் காற்று ஏறக்குறைய ஒரே 150 டிகிரி. கூடவே டர்போ வேகமும் எல்லைக்கு அருகில் போகிறது. இப்போது மலைக்கென்று தனியாக 0.75 பார் மேப் வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் தாண்டியதும் ஸ்விட்ச்சைத் தட்டிவிடுவேன். (52-ஆம் பிரிவு பற்றி 1320 எதுவும் கேட்க வேண்டாம்.)

1320அடி

கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன், அந்த டி3/டி4 இன்னும் இருக்கிறதா? என் தம்பி ஒரு வண்டி கட்டுகிறான், நேர்கோட்டுக்கு மட்டும்.

கொங்கு_விஆர்எஸ்

இருக்கிறது, அட்டைப்பெட்டியில். சர்ஜில் கொஞ்சம் அடிபட்டது, அதனால் திருச்செங்கோட்டில் அண்ணன் ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் விலை பேசுவோம். டைனோ தாள் இலவசம்.