அனிமே சிலை பிசுபிசுக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: ஓராண்டு கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வாங்கிய அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) கதாபாத்திரச் சிலையை, தூசி படக் கூடாதென்று பெட்டிக்குள்ளேயே மூடி வைத்திருந்தேன். நேற்று எடுத்தபோது, பாவாடை மடிப்புகளில் பிசுபிசுப்பு ஏறி, தொட்ட இடத்தில் விரல்ரேகை அப்படியே பதிந்தது. மனம் ஆறவில்லை, சரிசெய்ய வழி உண்டா?

பதில்: கவலைப்படாதீர்கள், தம்பி. இத்தகைய சிலைகள் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதை நெகிழச் செய்வதற்காகச் சேர்க்கும் பொருள், வெப்பத்தாலும் காற்றோட்டமின்மையாலும் மெல்லக் கசிந்து மேற்பரப்புக்கு வருவதால்தான் இப்படி ஆகிறது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.

மற்றொரு பதில்: கழுவ, பெயிண்டைக் கரைக்கும் தின்னரைத் தொடவே வேண்டாம். என் சிலையின் கண்ணோரச் சாயம் அதில்தான் கரைந்துபோனது. இன்றும் பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது.

கேட்டவர்: கழுவிவிட்டேன், அண்ணா. மடிப்புகள் வழவழப்பாகிவிட்டன, இனி வெயில் படாத திறந்த அலமாரியில்தான் வைப்பேன்.