சாய்தளமும் வெக்டர் கூறுகளும்: கண்ணால் பார்த்த இடங்களைச் சொல்லுங்கள்

காட்பாடி டியூஷன் ஆசிரியை:
வெக்டர் என்றால் விசை போல அளவும் திசையும் உள்ளது; சாய்வான ஒரு விசையை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் பிரித்தால் கிடைப்பவை அதன் கூறுகள். பிளஸ் ஒன் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்: எக்ஸ் (கிடைமட்டக் கூறு) என்றால் காஸ், ஒய் (மேல்கீழ்க் கூறு) என்றால் சைன். எறிபொருள் கணக்கு வரைக்கும் அது ஓடும். சாய்தளத்தில் எடையைப் பிரிக்கும்போது சரிவின் வழியே எம்ஜி சைன் தீட்டா (எம்ஜி என்பது எடை, தீட்டா என்பது சரிவின் கோணம்) என்று எழுதினால், "மிஸ், எக்ஸுக்கு காஸ்தானே?" என்று கை உயரும். அருமையான கேள்வி அது. கோணத்தை எந்தக் கோட்டிலிருந்து அளந்தோமோ, அந்தக் கோட்டின் வழியே விழும் கூறுதான் காஸ். சரிவுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால், எடைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில்தான் தீட்டா இருக்கிறது. அதனால் சரிவின் வழியே சைன்.

இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பிடித்த இடம் காட்பாடி ஜங்ஷன். சக்கரம் வைத்த பெட்டியை 50 நியூட்டன் விசையில், தரையோடு 37 டிகிரி சாய்த்து இழுத்தால், முன்னால் போவதற்கு 40, மேலே தூக்குவதற்கு 30. இரண்டையும் கூட்டினால் 70 வருகிறதே என்று பிள்ளைகள் திகைப்பார்கள். வர்க்கங்களைக் கூட்டச் சொல்வேன்: 1600, 900, மொத்தம் 2500. அதன் வர்க்கமூலம் 50. மேலே போகும் அந்த 30 வீணாகவில்லை, தரையின் மீதான அழுத்தத்தைக் குறைக்கிறது. அதே பெட்டியைப் பின்னாலிருந்து சாய்வாகத் தள்ளினால் அந்த 30 கீழ்நோக்கித் திரும்பி, தரையை இன்னும் அழுத்தும்.

லாரி டிரைவரின் மகன், திருப்பத்தூர்:
மிஸ், நீங்கள் சொன்ன சைனை ஏலகிரி மலைப்பாதையில் பார்க்கலாம். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். நேராக ஏறினால் தூரம் மிச்சம்தானே என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். "வண்டி இழுக்காதுடா" என்றார். காரணத்தை வெக்டர் பாடம்தான் சொன்னது. 10 டன் வண்டி 30 டிகிரி சரிவில் நேராக ஏறினால், கீழே இழுக்கும் கூறு மட்டும் 5 டன் எடைக்குச் சமம். சாலையை வளைத்து வளைத்துப் போட்டு, சாய்வை 6 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 1 டன்தான். இறங்கும்போதும் அதே கூறுதான் வண்டியை முன்னால் தள்ளும். ஏறின கியரிலேயே இறங்கு என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது அதற்காகத்தான். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

வேலூர், எலும்பு முறிவு வார்டு செவிலியர்:
எங்களிடம் இதே கணக்கு கட்டிலோடு கட்டியிருக்கும். முறிந்த தொடை எலும்பை எடை கட்டி இழுத்து வைக்க ரஸ்ஸல் டிராக்ஷன் என்று ஒரு முறை உண்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு தொட்டில் துணி மேல்நோக்கி இழுக்கும். அதே கயிறு கப்பிகளைச் சுற்றிப் போய், பாதத்தை இரண்டு இழையாக நீளவாக்கில் இழுக்கும். கணக்குக்குத் தொங்கும் எடை 3 கிலோ என்றால், மேலே 3, நீளவாக்கில் 6. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 6.7, கட்டிலிலிருந்து 27 டிகிரி சாய்வில். அந்தச் சாய்வு தொடை எலும்பின் திசையோடு பொருந்த வேண்டும்.

"எங்கேயும் எலும்பு நேரா இழுபடலையே, சிஸ்டர்?" என்று ஒரு அம்மா தன் மகனின் காலைக் காட்டிக் கேட்டார். இரண்டு கயிற்றையும் காட்டி, ஒரு தாளில் இரண்டு அம்புக்குறி போட்டு, நடுவில் மூன்றாவதை வரைந்தேன். "ஓ, ரெண்டும் சேர்ந்து இப்படிப் போகுதா" என்று அவரே விரலால் கோடு இழுத்துக் காட்டினார். நோயாளி கட்டிலில் கொஞ்சம் சரிந்தாலே கயிற்றின் கோணம் மாறிவிடும், எடை அதே 3 கிலோவாக இருந்தாலும் இழுப்பு வேறு பக்கம் போகும். அதனால் டியூட்டி மாறும்போது எடையை மட்டுமல்ல, கயிறு போகும் கோட்டையும் பார்ப்போம்.