சிறு முதலீட்டாளருக்குச் சுக்குக்: திரள்நிதித் தளங்கள் வழிவிடுமா?

கேள்வி:
வணக்கம். சுக்குக் என்பது வட்டிக்குப் பதிலாக, ஒரு சொத்தையோ தொழிலையோ அடிப்படையாகக் கொண்டு வருமானம் தரும் இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரம். மலேசிய அரசு 2020-இல் வெளியிட்ட ‘சுக்குக் பிரிஹாத்தின்’ என்ற பத்திரத்தில் 500 ரிங்கிட் போட்டிருந்தேன். ஆண்டுக்கு 2 விழுக்காடு இலாபம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது. இரண்டாண்டு முடிந்ததும் முதலும் திரும்பியது. வட்டியைத் தவிர்க்க விரும்பும் மாதச் சம்பளக்காரனான எனக்கு அது பெரிய மனநிறைவு. ஆனால் நிறுவனங்களின் சுக்குக்கை விசாரித்தால், அவை பெருந்தொகை போடுபவர்களுக்கே என்கிறார்கள். இந்தோனேசியாவில் திரள்நிதித் தளங்களிலேயே, அதாவது பலரிடம் சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டித் தரும் இணையத் தளங்களிலேயே, சிறுதொகைக்கு வாங்கலாமாமே? அது நம்பத்தக்க வழியா?

பதில் 1:
வாங்கலாம், சகோதரரே. 2018-இல் அங்கே இத்தளங்களுக்குப் பங்குகளை விற்க மட்டுமே அனுமதி இருந்தது. 2020 இறுதியில் வந்த விதி கடன் பத்திரங்களையும் சுக்குக்கையும் சேர்த்துக்கொண்டது. அந்த 2020 விதிப்படி ஒரு நிறுவனம் 12 மாதங்களில் 1,000 கோடி ரூப்பியா வரை திரட்டலாம் என்றிருந்தது. ஆண்டு வருமானம் 50 கோடி ரூப்பியாவைத் தாண்டாதவர் தம் வருமானத்தில் 5 விழுக்காடு வரையே ஆண்டுக்குப் போடலாம் என்றும் அது வகுத்தது. இந்த உச்சவரம்பைச் சிலர் தடையாகப் பார்க்கிறார்கள். எனக்கோ அதுதான் அந்த விதியின் மிக நல்ல பகுதியாகத் தோன்றுகிறது.

பதில் 2:
நிறுவனச் சுக்குக் சிறியவர்களுக்கு எட்டாததற்குக் காரணம் செலவு. சொத்தை வைத்திருக்கத் தனி நிறுவனம், அறங்காவலர், ஷரியா (இஸ்லாமியச் சட்ட) ஆலோசகர், வழக்கறிஞர், தர மதிப்பீடு என்று ஆகும் செலவு, திரட்டும் தொகை சிறிதானாலும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. திரள்நிதித் தளம் ஒரே மாதிரி ஒப்பந்தங்களைப் பல நிறுவனங்களுக்கும் பயன்படுத்தி இச்செலவைக் குறைக்கிறது. ஆனால் செலவோடு சேர்ந்து பாதுகாப்பும் குறைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. பிரிஹாத்தினுக்குப் பின்னால் அரசு நின்றது. திரள்நிதிச் சுக்குக்குப் பின்னால் நிற்பது ஒரு சிறு ஒப்பந்தக்காரரோ உணவகமோதான். சொத்தை அடிப்படையாகக் கொண்டது என்று எழுதியிருந்தாலும், பெரும்பாலான சுக்குக்கில் பணம் வராதபோது அந்தச் சொத்தை விற்று எடுத்துக்கொள்ளும் உரிமை முதலீட்டாளருக்கு இருப்பதில்லை. 2009-இல் துபாயின் நக்கீல் என்ற கட்டுமான நிறுவனத்தின் சுக்குக் தடுமாறியபோது பணம் போட்டவர்களைக் காத்தது சொத்தன்று, கடைசி நேரத்தில் அபுதாபி தந்த நிதி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பணம் போடும்முன் எதைக் கேட்க வேண்டும்?

பதில் 2:
முதலில் ஒப்பந்த வகை. இஜாராவா, முராபஹாவா, முஷாரகாவா என்பதைப் பொறுத்து உங்கள் வருமானம் முறையே வாடகையா, விற்பனை இலாபமா, தொழிலின் இலாபநட்டப் பங்கா என்பது மாறும். முஷாரகாவில் இலாபத்தையும் முதலையும் பணம் திரட்டும் நிறுவனமே உறுதியளித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நட்டத்தில் பங்கேற்காத கூட்டு ஷரியாவுக்குப் பொருந்தாது. அடுத்து, முதிர்வுக்கு முன் பணம் தேவைப்பட்டால் வெளியேற வழி உண்டா என்று கேளுங்கள். இந்தோனேசிய அரசின் சேமிப்புச் சுக்குக்கை மற்றவருக்கு விற்க முடியாது என்றாலும், ஓராண்டுக்குப் பின் பாதித் தொகை வரை முன்கூட்டியே எடுக்கலாம். அத்தகைய கதவு இல்லாத இடத்தில், மருத்துவச் செலவுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ ஒதுக்கிய பணத்தைத் தயவுசெய்து போடாதீர்கள்.