ஹெரிற்றேஜ் (பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற) விஷயம் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ?

வணக்கம், ரொறன்ரோ டவுன்ரவுனில எங்கட தெருவில நடுச்சுவரைப் பகிர்ந்து நிக்கிற ரெண்டு விக்ரோறியன் காலத்து ரோ ஹவுஸ் இருக்கு, ரெண்டையும் ஒரே ஆள் வாங்கி இடிக்கப்போறார் எண்டு கதை. இந்த ஊருக்கே உரிய பே அண்ட் கேபிள் ஸ்டைல், முன்னுக்குத் தள்ளின ஜன்னல், மேல கூரான கேபிள் (முக்கோணக் கூரை முகப்பு), சிவப்புச் செங்கலுக்கு இடையில மஞ்சள் செங்கல் வரி, ஒண்டில மரச் சித்திரவேலை அப்பிடியே இருக்கு, மற்றதுக்கு ஆரோ செங்கல் முழுக்க பெயின்ற் அடிச்சுக் கெடுத்துப் போட்டினம் (பாக்க வயிறு எரியும்).

சிற்றியின்ர ஹெரிற்றேஜ் ரெஜிஸ்ரரில 2023க்கு முதலே லிஸ்ற் ஆன (பேர் மட்டும் பதிஞ்ச) வீடுகள், ஆனா டெசிக்னேற் (சட்டப்படி பாதுகாப்புக் குடுக்கிறது) பண்ணேல்ல. லிஸ்ற் மட்டும் எண்டா இடிக்க முதல் 60 நாள் நோட்டீஸ், அவ்வளவுதான். அதுவும் 2027 ஜனவரி 1க்குள்ள சிற்றி நடவடிக்கை எடுக்காட்டி லிஸ்ற்றில இருந்தே போயிடும்.

டெசிக்னேற் பண்ண, ஒன்ராறியோ ரெகுலேஷன் 9/06 எண்ட மாகாண விதியில இருக்கிற 9 அளவுகோல்ல 2 எண்டாலும் பொருந்தோணும். டிசைன் ஒண்டு சரி, ரெண்டாவது அளவுகோலுக்கு ரெண்டு வீடும் ஜோடியா நிண்டு தெருவின்ர தோற்றத்தைக் காப்பாத்துது எண்டு காட்டினா எடுபடுமோ? பெயின்ற் அடிச்சது பாதகமோ? ஆர்க்கைவ்ஸில பழைய டிரெக்ரறி (எந்த வீட்டில ஆர் இருந்தது எண்ட புத்தகம்), கோட் (Goad) எண்ட ஃபயர் இன்சூரன்ஸ் மெப் (கட்டடங்களைக் காட்டுற பழைய வரைபடம்) பாத்துப் பழக்கமான ஆக்கள் இருந்தா இன்பொக்ஸ் பண்ணுங்கோ, ஆர் கட்டினது, ஆர் இருந்தது எண்டு தேடோணும்.