கர்ப்ப காலத்தில் சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி: கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரை உட்கொண்டு வருகிறேன். இப்போது மூன்றாம் மாதம். மாத்திரையோடு சோயா உணவையும் நிறுத்த வேண்டுமா? தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் என்ன செய்வது?

பதில் 1: உணவையும் மாத்திரையையும் ஒன்றாகக் கருத வேண்டாம். சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் ஆகிய ஐசோஃபிளேவோன்கள் (தாவரச் சேர்மங்கள்), பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஏற்பிகளோடு (உயிரணுக்களில் அந்த ஹார்மோன் சென்று இணையும் இடங்கள்) இணையக்கூடியவை. எனினும் அவற்றின் செயல் உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனைவிட மிகவும் வலுக்குறைந்தது என்பதால், வழக்கமான உணவின் அளவில் கருவுக்குத் தீங்கு நேர்வதாக உறுதியான சான்று இல்லை. செறிவூட்டிய மாத்திரைகளோ கர்ப்பிணிகளிடம் போதிய அளவு ஆராயப்படாதவை. மேலும் இச்சேர்மங்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடைகின்றன. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, இதுவரை உட்கொண்டதை மகப்பேறு மருத்துவரிடம் தெரிவியுங்கள். ‘இயற்கையானது’ என்று புட்டியில் அச்சிட்டிருப்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

பதில் 2: தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவராயின், சோயா அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும், இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி தேவை.

பதில் 3: தாய் உண்ணும் சோயாவிலிருந்து தாய்ப்பாலில் கலப்பது மிகச் சிறிய அளவே, சோயா பால்மாவு குடிக்கும் குழந்தைக்குக் கிடைப்பது அதைவிடப் பன்மடங்கு அதிகம். பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் சிலருக்கு மட்டும் சோயாவும் ஒத்துக்கொள்வதில்லை. குழந்தையின் மலத்தில் இரத்தம் தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.